தண்டனையும் அதன் எல்லையும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில், பழையாற்றின் கரையில், சுசீந்திரம் என்னும் திருவூர் அமைந்துள்ளது. தாணுமாலயன் கோயிலின் வானுயர்ந்த கோபுரத்தையும், தெப்பக்குளத்தையும், தட்டினால் இசை எழுப்பும் தூண்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆயின், அவ்வூர்ப் பெயருக்குள் ஒரு குற்றமும் ஒரு தண்டனையும் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அகலிகையிடம் பிழை செய்து முனிவரின் சாபத்திற்கு ஆளான இந்திரன், இத்தலத்தில் வழிபட்டுத் தூய்மை பெற்றான் என்பது தலபுராணம். 'சுசி' என்பதற்குத் தூய்மை என்பது பொருள். குற்றம் செய்தவன் துன்புற்றான். துன்புற்றபின் தூயவன் ஆனான். தண்டனை என்றால் என்ன, அது எதற்காக என்னும் கேள்விகளுக்கு நம் முன்னோர் கதை வடிவில் தந்த விடைகளுள் இதுவும் ஒன்று.

அதே கோயிலில் வேறொரு வழக்கமும் முற்காலத்தில் இருந்தது. அதற்குக் 'கைமுக்கு' என்று பெயர். ஒழுக்கம் தவறியதாகப் பழி சுமத்தப்பட்ட நம்பூதிரி அந்தணர், கொதிக்கும் நெய்யினுள் கையை விட்டு, உள்ளே இட்டிருக்கும் சிறிய உருவத்தை எடுத்தல் வேண்டும். பின்னர்க் கையைத் துணியால் கட்டி வைப்பர். கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது கையில் புண் இல்லையாயின் அவர் குற்றமற்றவர். புண் இருப்பின் குற்றவாளி. கொதிக்கும் நெய்க்கு உண்மை தெரியும் என்று அக்காலத்தார் நம்பினர். திருவிதாங்கூரை 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னரின் காலத்தில் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. நம் மாவட்டத்தைச் சேர்ந்த வரலாற்றறிஞர் டாக்டர் கே. கே. பிள்ளை அவர்கள், சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை ஆராய்ந்துள்ளார்.

இக்காலத்தில் இதனைக் கேட்கும் நமக்கு உடல் நடுங்குகின்றது. ஆனால் நடுங்குவது மட்டும் போதாது. அதில் பிழை எங்கே இருக்கின்றது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால், தண்டனை என்பது யாது, அதனை நியாயப்படுத்துவது யாது என்னும் இரண்டையும் முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

தண்டனை என்பது துன்பம் தருவது. ஆனால் துன்பம் எல்லாம் தண்டனை ஆகாது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், நம் கடற்கரைக் குடும்பங்களுக்குத் தாங்கொணாத் துயரம் தந்தது. உள்நாட்டில் வாழையையும் ரப்பரையும் சாய்த்தது. அது தண்டனை அன்று. யாரும் மனமறிந்து செய்ததன்று. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுக் கண்டவர்களைத் தனிமையில் வைத்தோம். அவர்கள் அடைபட்டிருந்தார்கள், வருந்தினார்கள். ஆயினும் அதுவும் தண்டனை அன்று. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வரி கட்டுகிறோம், அபராதமும் கட்டுகிறோம். இரண்டிலும் கையிலிருந்து போவது பணமே. எனினும் அபராதத்தில் 'நீ செய்தது தவறு' என்னும் கண்டனம் ஒன்று சேர்ந்திருக்கின்றது. வரியில் அது இல்லை.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துச் சட்டத் தத்துவப் பேராசிரியர் எச். எல். எ. ஹார்ட் என்பார், 1959ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் தண்டனைக்கு ஐந்து இலக்கணங்களை வகுத்தார். அவற்றை எளிய தமிழில் சொன்னால் இவ்வாறு அமையும். ஒன்று, அது துன்பமாகவோ இழப்பாகவோ இருத்தல் வேண்டும். இரண்டு, சட்டவிதியை மீறியதற்காகத் தரப்படுதல் வேண்டும். மூன்று, மீறியவர் மீது, அல்லது மீறியவர் என்று முடிவு செய்யப்பட்டவர் மீது விழுதல் வேண்டும். நான்கு, வேறு மனிதரால் மனமறிந்து தரப்படுதல் வேண்டும். ஐந்து, அச்சட்டத்தின் வழியே அதிகாரம் பெற்ற அமைப்பால் விதிக்கப்படுதல் வேண்டும்.

இந்த ஐந்தையும் கைவிளக்காகக் கொண்டு பாருங்கள். தேங்காய் திருடியவனைத் தென்னையிலே கட்டிவைத்து ஊரார் அடிக்கிறார்கள். அது தண்டனையா? அன்று, ஐந்தாம் இலக்கணம் அங்கே இல்லை. அது வன்செயல், அடித்தவரே குற்றவாளியாகின்றனர். விசாரணைக்கு அழைத்துச் சென்ற ஒருவனைக் காவலர் அடித்தால் அது தண்டனையா? அதுவும் அன்று. தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உரியது, காவலருக்கு உரியதன்று. கைமுக்கு தண்டனையா? இங்கேதான் அதன் பிழை புலப்படுகின்றது. குற்றம் உறுதியாகும் முன்பே துன்பம் வந்துவிடுகின்றது. பின்னால் வர வேண்டியதை முன்னால் வைத்து, அதனையே விசாரணை என்று பெயரிட்டு அழைத்தார்கள்.

இனி, இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஒரு மனிதனுக்கு மனமறிந்து துன்பம் செய்தல் தீமை என்பதில் ஐயம் இல்லை. அத்தீமையை அரசு செய்யும்போது மட்டும் அஃது எவ்வாறு நியாயம் ஆகும்?

இக்கேள்விக்கு உலகத்து அறிஞர் தந்த விடைகளை இரண்டு பெரும்பிரிவாகப் பிரிக்கலாம். ஒரு சாரார் பின்னோக்கிப் பார்ப்பவர். மற்றொரு சாரார் முன்னோக்கிப் பார்ப்பவர். செய்த குற்றத்திற்கு உரிய பயனை அவன் அடைதல் வேண்டும். அதுவே நீதி என்பது பின்னோக்குவார் கூற்று. செருமானியத் தத்துவ ஞானி காண்ட் இப்பிரிவின் தலைவர். நடந்ததை மாற்ற எவராலும் இயலாது. இனி நடவாமல் தடுப்பதே தண்டனையின் பயன் என்பது முன்னோக்குவார் கூற்று. இத்தாலி நாட்டு மிலான் நகரத்துப் பெக்காரியாவும், இங்கிலாந்து நாட்டுப் பெந்தாமும் இப்பிரிவினர். பிறரை அச்சுறுத்தி விலக்குதல், குற்றவாளியைத் திருத்துதல், திருந்தாதவனைச் சமுதாயத்தினின்றும் பிரித்து வைத்தல் ஆகிய மூன்றும் இவர்கள் காட்டும் பயன்கள்.

நம் திருவள்ளுவர் இவ்விரு சாராருக்கும் மிக முற்பட்டவர். செங்கோன்மை என்னும் அதிகாரத்தில், கொடியவரை வேந்தன் ஒறுத்தலைப் பயிர் காக்கக் களை எடுத்தலுக்கு ஒப்பிடுகின்றார். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைத்த நாஞ்சில் நாட்டு உழவனுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. நாஞ்சில் என்னும் சொல்லுக்கே கலப்பை என்று பொருள் அன்றோ? களையின் மீது உழவனுக்குப் பகை இல்லை. பயிரின் மீது அன்பு உண்டு. அதனால் களைகின்றான். ஆனால் வள்ளுவர் அத்துடன் நின்றுவிடவில்லை. வெருவந்த செய்யாமை என்னும் மற்றோர் அதிகாரத்தில், தக்கபடி ஆராய்ந்த பின்னரே, மீண்டும் அக்குற்றம் நிகழாவண்ணம், குற்றத்திற்குப் பொருந்தும் அளவில் ஒறுத்தல் வேண்டும் என்கின்றார். கோலை ஓங்கும்போது கடுமை தோன்றினாலும், அது விழும்போது மென்மையாக விழ வேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றார். ஆராய்தல், அளவு, பயன், இரக்கம் ஆகிய நான்கும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன.

களை உவமையைப் பற்றி மாணவர்கள் ஒரு வினா எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். களைக்கு வாய் இல்லை, மனிதனுக்கு உண்டு. களை திருந்தாது, மனிதன் திருந்தக்கூடும். பயிரின் நன்மைக்காகவே களை பறிக்கப்படுகின்றது. ஊரின் நன்மைக்காகக் குற்றமற்ற ஒருவனைப் பறிக்கலாமா? ஊரெல்லாம் கொந்தளித்து நிற்கும்போது யாரேனும் ஒருவனைத் தூக்கிலிட்டால் அமைதி திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். பயனை மட்டும் எண்ணுபவர், 'ஆகாது' என்று சொல்வதற்குத் திண்டாடுவர். 'குற்றமற்றவனை வருத்துவது தண்டனை என்னும் சொல்லின் இலக்கணத்துள் அடங்காது' என்று விடை சொல்லித் தப்பவும் இயலாது. சொல்லின் பொருளைக் காட்டி அறத்தின் வழக்கை முடித்துவிட முடியாது என்று ஹார்ட் அவர்களே எச்சரித்திருக்கின்றார். மனிதனைப் பிறர் நன்மைக்கான கருவியாக மட்டும் பயன்படுத்தலாகாது என்று காண்ட் சொன்ன சொல் இங்கேதான் நமக்குத் துணை செய்கின்றது.

ஆகவே, இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டல் வேண்டும். தண்டனை என்னும் ஏற்பாடு உலகத்தில் ஏன் இருக்க வேண்டும் என்பது ஒன்று. இதற்கு விடை, மக்களின் காப்பு. அது யார்மேல், எந்த அளவில் விழலாம் என்பது மற்றொன்று. இதற்கு விடை, குற்றம் செய்தவர்மேல் மட்டும், செய்த குற்றத்தின் அளவில் மட்டும் என்பது. முதற்கேள்வியின் விடை தண்டனைக்கு நோக்கம் தருகின்றது. இரண்டாம் கேள்வியின் விடை தண்டனைக்கு எல்லை இடுகின்றது. நோக்கம் நல்லதாயினும் எல்லையைத் தாண்டினால் அநீதியே. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த கல்குளம் பகுதியிலும் அரசோச்சிய திருவிதாங்கூரின் வரலாறே போதும்.

பத்மநாபபுரம் அரண்மனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், தம் ஆட்சியை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரை அழித்தார். கிளர்ச்சி செய்தவரை அரசன் ஒடுக்கியது அக்கால அரசியல் நெறி என்று வாதிக்கலாம். ஆனால், கொல்லப்பட்டவர்களின் மனைவியரும் மக்களும் கடற்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று மரபுவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது. இச்செய்தியின் உண்மையைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒன்று நோக்குங்கள். தந்தை செய்த பிழைக்குத் தொட்டில் குழந்தையும் தண்டனை ஏற்க வேண்டும் என்பதை ஒரு காலம் இயல்பாக எண்ணியது. அரசனின் பெருமையாகவும் பேசியது. உழைத்து உண்ணும் மக்களோடு வாழ்வதையே ஓர் இழிவாகவும் தண்டனையாகவும் கருதிய மனமும் அதில் தெரிகின்றது.

அடுத்தது, சமத்துவம். பழைய திருவிதாங்கூரில் ஒரே குற்றத்திற்கு ஒரே தண்டனை என்பது இல்லை. கொலைக்குற்றம் செய்தவர் அந்தணராயின் அவருக்கு மரண தண்டனை கிடையாது. மற்றவராயின் உயிர் போகும். மறுபுறம், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் குறிப்பிட்ட தொலைவுக்குள் நெருங்கி வந்தாலே, பொதுவழியில் நடந்தாலே, அது குற்றம் எனப்பட்டது. செய்கையைத் தராசில் இடாமல் பிறப்பைத் தராசில் இட்டார்கள். தராசின் முள் அரசன் கையில் இருந்தபோதிலும், தட்டு முன்பே சாய்ந்திருந்தது.

மூன்றாவது, நம் மண்ணின் மைந்தர் வேலுத்தம்பித் தளவாயின் வரலாறு. கல்குளத்தை அடுத்த தலக்குளத்தில் 1765ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். மக்களிடம் கொடுமையாகப் பணம் பறித்த அமைச்சர்களுக்கு எதிராக 1799ஆம் ஆண்டில் மக்களைத் திரட்டிச் சென்றவர். அக்கிளர்ச்சியின் முடிவில் அமைச்சர் ஒருவர் நாடு கடத்தப்பட்டார். அவருக்குத் துணையாயிருந்த இருவருக்குக் காதுகள் அறுக்கப்பட்டன. பின்னர்த் தளவாய் ஆன வேலுத்தம்பியும் கையூட்டையும் பொய்க்கணக்கையும் ஒழிக்க மிகக் கடுமையான தண்டனைகளைக் கைக்கொண்டார். அவருடைய நேர்மையைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லும் கதைகளில் அறுபட்ட விரல்களும் இடம்பெறும். அவர் நோக்கம் தூயது. ஆனால், கையூட்டு வாங்கிய விரலை வெட்டியபின் அவ்விரலுக்கு உரியவன் எதைக்கொண்டு உழைத்துத் திருந்துவான்? இக்கேள்வியை அக்காலம் கேட்கவில்லை.

காலச்சக்கரம் சுழன்றது. வேலுத்தம்பி கும்பினியாரை எதிர்த்து, 1809ஆம் ஆண்டு சனவரித் திங்களில் குண்டறையில் அறிக்கை விடுத்தார். பிப்ரவரித் திங்களில் ஆங்கிலப் படை நம் ஆரல்வாய்மொழிக் கோட்டையைக் கடந்து உட்புகுந்தது. மார்ச்சுத் திங்களில், மண்ணடி என்னும் ஊரின் கோயிலில், பகைவர் கையில் அகப்படாமல் தளவாய் உயிர்துறந்தார். அவருடைய தம்பி தூக்கிலிடப்பட்டார். அதனோடும் அமையவில்லை. உயிரற்ற தளவாயின் உடலைத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுசென்று, கண்ணம்மூலையில் ஊரார் காணத் தொங்கவிட்டார்கள்.

நேயர்களே, உயிரற்ற உடலைத் தண்டிக்க முடியுமா? முன்பு கூறிய இலக்கணத்தின்படி முடியாது. துன்பத்தை உணர்வதற்கு அங்கே யாரும் இல்லை. அச்செயல் இறந்தவர்மேல் விழுந்ததன்று. உயிரோடு இருந்து கண்டவர்மேல் விழுந்தது. கும்பினியின் தலைமை ஆளுநராக அப்போது கல்கத்தாவில் இருந்தவர் மிண்டோப் பிரபு. வேலுத்தம்பி அவருக்குப் பகைவர். அப்படியிருந்தும், அவர் இறந்தபோதே நீதியின் நோக்கமும் பாதுகாப்பின் நோக்கமும் நிறைவேறிவிட்டன. அதற்கு மேல் செய்தது மனிதப் பண்புக்கு ஒவ்வாதது என்ற கருத்துப்பட மிண்டோ கண்டித்தார் என்பது வரலாறு. தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பகைவரும் ஒப்புக்கொண்ட இடம் அது.

வேலுத்தம்பிக்குப் பின் வந்த மாறுதல்கள் மெல்ல மெல்ல வந்தன. திவான் பொறுப்பையும் ஏற்ற கர்னல் மன்றோ, 1811ஆம் ஆண்டில் ஜில்லா நீதிமன்றங்களை நிறுவினார். அவற்றுள் ஒன்று நம் பத்மநாபபுரத்தில் அமைந்தது. வரி தண்டும் அதிகாரியே குற்றத்தை விசாரிக்கவும் தண்டிக்கவும் இருந்த நிலை தளர்ந்து, விசாரிப்பதற்கென்றே ஒரு மன்றம் வந்தது. இவ்வொரு மாறுதலின் அருமையை நாம் போதுமான அளவு உணர்வதில்லை.

நூல்களில் ஏறாத வேறொரு நீதியும் நம் ஊர்ப்புறத்தில் உண்டு. கழுமரத்தில் ஏற்றிக் கொல்லப்பட்டவன் கழுமாடன் என்னும் பெயரில் பீடம் பெற்றிருப்பதைத் தென்பாண்டி நாட்டிலும் நம் பக்கத்திலும் காணலாம். மார்த்தாண்ட வர்மரால் வெல்லப்பட்ட தம்பிமாரின் கதையை வில்லடித்துப் பாடும் மரபும் இங்கு உண்டு. தண்டித்த அதிகாரியின் பெயரை ஊர் மறந்துவிட்டது. தண்டிக்கப்பட்டவனுக்குப் பொங்கலிட்டு வணங்குகின்றது. இதனை வெறும் அச்சம் என்று சிலர் சொல்வர். அதற்குள் ஒரு மனச்சான்றும் உறைவதாக எனக்குத் தோன்றுகின்றது. 'இவனுக்கு நாம் அளவுக்கு மேல் செய்துவிட்டோமோ' என்னும் ஐயமே அந்தப் பீடமாக எழுந்து நிற்கின்றது போலும்.

இப்போது, இளைஞர்கள் பலரும் அறியாத செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். நாம் வாழும் இப்பகுதியில் தூக்குத் தண்டனையே இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மன்னராகவும் சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாகவும் இருந்தபோது, 1944ஆம் ஆண்டில், திருவிதாங்கூரில் மரண தண்டனை நீக்கப்பட்டது. அக்காலத்தில் நம் நான்கு வட்டங்களாகிய அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியன திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் அவை சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. இதற்கிடையே, இந்தியத் தண்டனைச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவாக விரிந்தபோது, 1950களின் தொடக்கத்தில், தூக்குத் தண்டனை திரும்பவும் வந்தது.

அந்த இடைக்காலத்தில் கொலைகள் பெருகினவா? மரண தண்டனை பற்றிய விவாதங்களில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. 1945 முதல் 1950 வரை, தூக்கு இல்லாத காலத்தில், திருவிதாங்கூரில் நிகழ்ந்த கொலைகள் 962. தூக்கு மீண்டபின் அடுத்த ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தவை 967. ஏறத்தாழ இரண்டும் ஒன்றே. இக்கணக்கை வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மக்கள் தொகை, பஞ்சம், அரசியல் கொந்தளிப்பு எனக் கொலைக்குக் காரணங்கள் பல. ஆயினும், 'தூக்குமரத்தை எடுத்தால் ஊர் அழிந்துபோகும்' என்று சொல்பவருக்கு நம் மாவட்டம் அமைதியாக ஒரு விடை வைத்திருக்கின்றது. தண்டனையின் கடுமையைவிட, தப்பாமல் வந்து சேரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று பெக்காரியா 1764ஆம் ஆண்டில் எழுதியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

அதே நூலில் பெக்காரியா வேறொன்றும் சொல்கின்றார். வலியால் உண்மையை வரவழைக்க முயன்றால், உடல் வலிமையுள்ள கொடியவன் தப்புவான்; மெலிந்த நிரபராதி குற்றவாளி ஆவான் என்பது அவர் வாதம். இதனை நான் நூலில் படித்தது பின்னர். அதற்கு முன்பே ஒரு சிறுவனிடம் கற்றேன். அதனை இங்கே சொல்லிவிடுகின்றேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளியில் நான் பணியேற்ற இரண்டாம் ஆண்டு அது. டிசம்பரில் கொடிநாள் வந்தது. ஏழாம் வகுப்பு மாணவரிடம் திரட்டிய பதினாறரை ரூபாயை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மறுநாள் அது காணப்படவில்லை. அதற்கு முன்பு ஒருமுறை பிறன் பேனாவை எடுத்ததாகப் பெயர் பெற்ற மாணவன் ஒருவன் வகுப்பில் இருந்தான். வேறு சான்று ஏதும் இல்லை. வகுப்பின் முன்னே நிறுத்திக் கேட்டேன். 'எடுக்கவில்லை' என்றான். பிரம்பை எடுத்தேன். ஐந்தாம் அடியோ ஆறாம் அடியோ விழுந்தபோது, "சாரே, நான்தான் எடுத்தேன். இனி அடிக்க வேண்டாம்" என்றான். நான் வென்றதாக எண்ணினேன். மறுநாள் அவனுடைய அன்னையார், நடவு வேலைக்குச் செல்பவர், கசங்கிய நோட்டுகளும் சில்லறையுமாகப் பதினாறரை ரூபாயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

பதினைந்து நாட்கள் சென்றன. அரையாண்டுத் தேர்வுக்காக அலமாரியைத் திறந்தேன். பழைய வினாத்தாள் உறை ஒன்றிலிருந்து கொடிநாள் பணம் விழுந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே எடுத்து வைத்து, நானே மறந்திருக்கின்றேன்.

அன்று மாலை வயல் வரப்பில் அந்த அம்மையாரைச் சந்தித்து, பணத்தைத் திருப்பித் தந்து, நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எடுக்கல்லன்னுதான் சொன்னான் சாரே. நான்தான் நம்பல்ல" என்றார். அவ்வளவே. பிரம்படி ஐந்தாறு நாளில் ஆறியிருக்கும். பெற்ற தாய் நம்பாமற்போன அந்தப் பதினைந்து நாட்கள் அவனுக்கு எப்படி ஆறியிருக்கும்?

என் பெரும்பிழை அவனை அடித்ததுகூட அன்று, அதன்பின் செய்ததே. தண்டனையை வகுப்பறிய வழங்கினேன். திருத்தத்தை வரப்பில், ஒருவரும் அறியாமல் முடித்தேன். ஆசிரியரின் மதிப்புக் குறையும் என்று அஞ்சி, வகுப்பின் முன் நின்று 'இவன் திருடவில்லை' என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆண்டிறுதி வரை அவன் கடைசிப் பலகையிலேயே இருந்தான். அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டான்.

சுசீந்திரத்துக் கொதிநெய்யை எண்ணி நடுங்கும் நான், என் வகுப்பறையில் அதனையே செய்திருக்கின்றேன். வலியைச் சாட்சியாக வைத்தேன். பழைய பெயரைச் சான்றாகக் கொண்டேன். குற்றம் நாட்டியவனும் நானே; விசாரித்தவனும் நானே; தண்டித்தவனும் நானே. இம்மூன்றும் ஒருவர் கையில் சேரும்போது அவர் நல்லவராய் இருப்பதால் மட்டும் அநீதி விலகிவிடாது. பத்மநாபபுரத்தில் ஒரு மன்றம் அமைந்ததன் அருமையை நான் பிற்காலத்தில் பாடமாகச் சொன்னபோதெல்லாம், அந்தச் சிறுவனின் முகமே என் கண்முன் நின்றது.

அதன்பின் பிரம்பைத் தொடவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால், விசாரித்து முடிக்குமுன் தொட்டதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மாணவரை உடலாலும் உள்ளத்தாலும் வருத்துவதைத் தடை செய்தது. அப்போது சில ஆசிரிய நண்பர்கள், இனி ஒழுங்கு எங்கே இருக்கும் என்று வருந்தினார்கள். எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது.

நாட்டின் சட்டமும் இவ்வழியிலேயே, மெதுவாக, நடந்து வருகின்றது. மரண தண்டனை அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே விதிக்கத்தக்கது என்று உச்சநீதிமன்றம் 1980ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு அதனை நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. எனினும் அது இன்னும் சட்டத்தில் இருக்கின்றது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில், சில சிறு குற்றங்களுக்குச் சமுதாயப் பணி செய்தல் என்பதும் ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. விரலை வெட்டிய காலத்திலிருந்து, அவ்விரலாலேயே ஊருக்கு உழைக்கச் சொல்லும் காலத்திற்கு நாம் வந்திருக்கின்றோம்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை நீதிபதிகள் ஆகலாம், காவல்துறையில் சேரலாம், ஆசிரியர் ஆகலாம். எல்லாரும் ஒருநாள் பெற்றோர் ஆவீர்கள். ஏதோ ஒரு கோல் உங்கள் கைக்கு வந்தே தீரும். அதனை ஓங்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இவன்தான் செய்தான் என்பது ஆராய்ந்து தெளிந்ததா? தண்டிக்கும் உரிமை எனக்கு உண்டா? செய்த குற்றத்தின் அளவை இது தாண்டுகின்றதா? இதே குற்றத்தை எனக்கு வேண்டியவன் செய்திருந்தால் இதையே விதிப்பேனா? நான்கிற்கும் நேர்மையான விடை கிடைத்தபின், ஐந்தாவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பிழைத்திருந்தால், தண்டித்த அதே இடத்தில் நின்று, அதே மக்கள் முன்னிலையில், அதனை ஒப்புக்கொள்ளும் துணிவு எனக்கு உண்டா?

அந்த ஐந்தாம் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அன்றைய வகுப்பு இப்போது இல்லை. அங்கே இருந்தவர்கள் பல ஊர்களில் இருக்கின்றார்கள். வானொலியின் ஒலி அவர்களுள் சிலரையேனும் எட்டும் என்னும் நம்பிக்கையில் சொல்கின்றேன்: ஏழாம் வகுப்பில் கொடிநாள் பணத்தை அந்த மாணவன் எடுக்கவில்லை. பிழை என்னுடையது.